அரசின் செவியும் வணிகர் நாவும்

ஒரு நாடு பிறநாட்டோடு நட்புக் கொள்வதும் பகை கொள்வதும் யாருடைய விருப்பினால் நிகழ்கின்றன? முடியாட்சிக் காலத்தில் இவ்வினாவுக்கு விடை கூறுதல் எளிது. மன்னன் விருப்பம் என்று கூறி அமைந்துவிடலாம். மக்களாட்சி நடைபெறும் நாடுகளில் மக்கள் விருப்பமே அரசின் விருப்பம் என்று பாடநூல்கள் கூறும். அது பொய்யன்று, ஆயினும் முழுமையுமன்று. மக்கள் என்னும் பெருந்திரளுக்கும் அமைச்சரவை என்னும் சிறு குழுவுக்கும் இடையே, தத்தம் நலங் கருதி அரசின் செவியை நாடி நிற்கும் கூட்டங்கள் பல உள. அவற்றுட் சில வணிகம் பற்றியன. சில சமயம் பற்றியன. சில இனம் பற்றியன. சில அறம் பற்றியன. இவற்றின் பேச்சு உள்நாட்டில் வரியையும் விலையையும் மாற்றுவதோடு நின்றுவிடுவதில்லை. சில வேளைகளில் கடல் கடந்து படைகளையும் நடத்துகின்றது.

ஆங்கிலேயர் இதற்கு வழங்கும் பெயர் பொருள் பொதிந்தது. சட்டமன்றத்தின் உள்ளே இருந்து பேசும் உரிமை உறுப்பினருக்கே உண்டு. உரிமையில்லாதார் மன்றத்தை அடுத்துள்ள வெளிமண்டபத்தில் நின்று, வருவோர் போவோரைக் கண்டு, தம் கருத்தை அவர் செவியிற் போடுவர். அவ்வெளிமண்டபத்துக்கு 'லொபி' என்று பெயர். இடத்தின் பெயர் அவ்விடத்து நிகழும் தொழிலுக்கு ஆகிவந்தது. இலக்கணம் கற்றோர் இதனை இடவாகுபெயரின் பாற்படுத்துவர். வெளிமண்டபத்துப் பேச்சு எழுத்தேறுவதில்லை. மன்றத்துப் பேச்சு எழுத்தேறுகின்றது. இவ்வேறுபாடு பின்னர்ப் பயன்படும், நினைவில் இருத்துக.

நம் முன்னோர் இதனை அறியாதவரல்லர். திருவள்ளுவர் அமைச்சு முதல் அவையஞ்சாமை ஈறாகப் பத்து அதிகாரங்கள் வகுத்தபோது, அமைச்சை அடுத்துச் சொல்வன்மையை வைத்தார். தூதையும் அவ்வரிசையிலேயே சேர்த்தார். பிறநாட்டுத் தொடர்பு சொல்லினால் ஆவது என்பதும், சொல்லுவோன் தன்மை அறியப்படவேண்டும் என்பதும் அவ்வைப்பு முறையாற் புலனாகின்றன. மலையமான் மக்களை யானைக்காலில் இடத் துணிந்த சோழன் கிள்ளிவளவன் முன் நின்று அவர்க்காகப் பேசிய கோவூர் கிழாரும் அரசன் முடிவை மாற்ற முயன்றவரே. ஆனால் அவர் அவைநடுவே பேசினார். தமக்கென ஒன்றும் வேண்டிலர். அவைக்கு வெளியே பேசித் தமக்கென வேண்டிநிற்போர் கதை வேறு. அதனை விளக்க, கடந்த இருநூறு ஆண்டு வரலாற்றில் மிகத் தெளிவாகப் பதிவாகியுள்ள ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். அது 1839ஆம் ஆண்டு தொடங்கிய சீன அபின் போர்.

தேயிலையும் அபினும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கிலேயர் அருந்திய தேயிலை முழுவதும் சீனத்திலிருந்தே வந்தது என்று கூறல் தகும். இலங்கையில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலைத் தோட்டம் அமைத்தது 1867ஆம் ஆண்டில்; ஆகவே நம் மலைநாட்டுத் தேயிலை அக்காலத்தில் இல்லை. தேயிலைத் தீர்வையால் பிரித்தானிய அரசுக்குக் கிடைத்த வருவாய் மொத்த வருவாயில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. சீனரோ ஆங்கிலேயர் கொணர்ந்த கம்பளியையும் பருத்தித் துணியையும் பெரிதும் விரும்பினாரல்லர். தேயிலைக்கு விலையாக வெள்ளியையே வேண்டினர். வெள்ளி சீனத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவ்வோட்டத்தைத் திருப்பிய பண்டம் அபின்.

கிழக்கிந்தியக் கம்பனி 1773ஆம் ஆண்டு தொட்டு வங்காளத்து அபினைத் தன் தனியுரிமையாக்கிக் கொண்டது. பாட்னா, காசிப் பகுதிகளில் விளைந்த அபின் கல்கத்தாவில் ஏலமிடப்பட்டது. சீனத்தில் அபின் புகைத்தலைத் தடுக்கும் ஆணை 1729ஆம் ஆண்டிலேயே பிறந்திருந்தது. பின்னர் இறக்குமதியும் தடுக்கப்பட்டது. ஆகவே கம்பனி தன் கப்பல்களில் அபினை ஏற்றவில்லை. ஏலத்தில் எடுத்த தனி வணிகர், கன்டன் துறைமுகத்துக்கு அணித்தான லின்டின் தீவருகே மிதக்கும் பண்டசாலைகளில் இறக்கி, சீனக் கடத்தற்காரர் படகுகளில் மாற்றினர். கம்பனியின் கை கறைபடாது. பெட்டகம் மாத்திரம் நிறைந்தது. 1820ஆம் ஆண்டளவில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஐயாயிரம் பெட்டியாக இருந்த வரவு, 1838ஆம் ஆண்டளவில் நாற்பதினாயிரம் பெட்டியை எட்டியது. வெள்ளி இப்போது சீனத்தை விட்டு வெளியே ஓடத் தொடங்கிற்று.

இவ்வணிகத்தில் முதன்மை பெற்றது ஜார்டின் மதேசன் நிறுவனம். வில்லியம் ஜார்டின், ஜேம்ஸ் மதேசன் என்னும் ஸ்கொத்லாந்தியர் இருவர் 1832ஆம் ஆண்டில் இதனைக் கன்டனில் நிறுவினர். ஜார்டின் முன்னர்க் கம்பனிக் கப்பலில் மருத்துவராயிருந்தவர். தலையில் அடிபட்டும் திரும்பிப் பாராதவர் என்பதனால் 'இரும்புத் தலைக் கிழ எலி' என்று சீனர் அவரை அழைத்தனர் என்பர்.

முதல் முயற்சியின் தோல்வி

கம்பனிக்கிருந்த சீன வணிகத் தனியுரிமை 1834ஆம் ஆண்டில் நீங்கியது. வணிகரை மேற்பார்க்க நேப்பியர் பிரபு அனுப்பப்பட்டார். சீன அதிகாரிகளோடு முரணிய அவர், அவ்வாண்டு ஒக்டோபரில் மக்காவோவில் இறந்தார். இதனையே வாய்ப்பாகக் கொண்டு மதேசன் 1835ஆம் ஆண்டில் இங்கிலாந்து சென்று, வெளிநாட்டமைச்சராயிருந்த வெலிங்டன் கோமகனைக் கண்டு, சீனத்தின்மீது கடுமை காட்டவேண்டும் என வேண்டினார். வெலிங்டன் இணங்கவில்லை. ஏமாற்றமுற்ற மதேசன் 1836ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டுத் தம் கருத்தை மக்கள் முன் வைத்துக் கன்டனுக்கு மீண்டார்.

இத்தோல்வி கவனிக்கத்தக்கது. பணம் படைத்தார் கேட்டதெல்லாம் அரசு கொடுத்துவிடும் என்று சிலர் எண்ணுவர். அஃது உண்மையன்று. 1835ஆம் ஆண்டிலும் அவ்வணிகரே. அவர் பணமும் அதுவே. வேண்டுகோளும் ஏறத்தாழ அதுவே. ஆயினும் கிடைத்தது மறுப்பு. நான்கு ஆண்டுகளின் பின்னர் அவ்வேண்டுகோளே அரசின் கொள்கையாயிற்று. இடையில் மாறியது யாது என்று ஆராய்தலே நம் வேலை.

கன்டனில் நிகழ்ந்தது

சீன அரசவையில் அபின் பற்றி இருவேறு கருத்துகள் இருந்தன. 1836ஆம் ஆண்டில் ஓர் அதிகாரி, அபினைச் சட்டமுறையாக்கித் தீர்வை வாங்கலாம் என விண்ணப்பித்தார். 1838ஆம் ஆண்டில் மற்றோர் அதிகாரி, புகைப்போருக்கு மரண தண்டனை விதித்தல் வேண்டும் என விண்ணப்பித்தார். தாவோகுவாங் பேரரசர் மாகாண ஆளுநர் பலரிடமும் எழுத்தில் கருத்துக் கேட்டார். விடைகள் வேறுபட்டன. அவற்றையெல்லாம் நோக்கிய பின்னரே, தடையை இறுக்கும் முடிவுக்கு அவர் வந்தார். அதனை நடத்த லின் சேசூ என்னும் அதிகாரியைத் தனியாணையராக அனுப்பினார்.

1839 மார்ச்சு 10ஆம் நாள் லின் கன்டனை அடைந்தார். வெளிநாட்டு வணிகர் தம் அபினை ஒப்படைக்கவேண்டும் எனக் கட்டளையிட்டு, அவர் தங்கியிருந்த பண்டகசாலைகளைக் காவலுக்குள்ளாக்கினார். பிரித்தானிய மேற்பார்வையாளர் சார்ள்ஸ் எலியட் அப்போது ஒரு காரியம் செய்தார். அபினைப் பிரித்தானிய அரசின் பெயரால் தம்மிடம் ஒப்படைக்குமாறு வணிகரைக் கேட்டு, அதன் விலைக்கு அரசே பொறுப்பு என எழுத்தில் உறுதி கொடுத்தார். வணிகர் மகிழ்ந்து கொடுத்தனர். விற்க இயலாது தேங்கிக் கிடந்த சரக்குக்குப் பேரரசு ஒன்று பிணை நின்றால் யார்தான் மகிழார்? 20,283 பெட்டிகள் லின் கைக்குச் சென்றன. யூன் மாதத்தில் மூன்று வாரமளவு, கடற்கரையில் வெட்டிய குளங்களில் உப்பும் சுண்ணாம்பும் கலந்து அவற்றைக் கரைத்துக் கடலில் விட்டனர். நீர் மாசுறுவதற்காகக் கடல் தெய்வத்திடம் பொறுத்தருள வேண்டி லின் வழிபாடு செய்தார் என்பதும் பதிவாகியுள்ளது.

லின் விக்டோரியா அரசிக்கு ஒரு திருமுகமும் வரைந்தார். உம் நாட்டில் தடுக்கப்பட்டதை எம் நாட்டில் விற்க விடுதல் முறையோ என்பது அதன் கருத்து. இங்கிலாந்தில் அபின் தடுக்கப்படவில்லை. மருந்துக் கடைகளில் விற்கப்பட்டே வந்தது. லின் அதனை அறிந்திலர். ஒருவரையொருவர் அறியாமை இருபாலும் இருந்தது. ஆயினும், தான் விரும்பாததைப் பிறர்க்குச் செய்யற்க என்னும் அடிப்படையில் அவர் எழுப்பிய வினா பழுதுபட்டதன்று. அத்திருமுகம் அரசு முறையில் ஏற்கப்படவேயில்லை.

செய்தி என்னும் செல்வம்

எலியட் கொடுத்த உறுதி இலண்டனுக்கு எட்டியபோது, மெல்பேர்ண் பிரபுவின் அரசு இடர்ப்பட்டது. அவ்வபினின் விலை இருபது இலட்சம் பவுணளவு. திறைசேரியில் பணமில்லை, பாராளுமன்றத்தில் அரசின் பெரும்பான்மையோ மெலிந்தது. அபின் வணிகருக்குக் கொடுக்க வரி விதிப்போம் என்று எந்த அமைச்சர் எழுந்து கூறுவார்? கொடாதுவிட்டால் அரசின் பெயரால் தந்த உறுதி பொய்க்கும். இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு மூன்றாம் வழி தோன்றிற்று: சீனமே அப்பணத்தைக் கொடுக்குமாறு செய்தல்.

இந்நிலையிலேதான் ஜார்டின் இலண்டன் வந்து சேர்ந்தார். அவர் 1839 சனவரியில், லின் வருமுன்னரே, கன்டனை விட்டுப் புறப்பட்டவர். வணிகர் அவர் பயன்பாட்டுக்கென நிதி திரட்டியிருந்தனர். வேண்டுமாயின் பெயர்பெற்ற பத்திரிகை ஒன்றின் துணையையும் விலை கொடுத்துப் பெறலாம் என்று மதேசன் அவருக்கு எழுதிய கடிதம் இன்றும் கிடைக்கின்றது. இலண்டனில் அவருக்குப் பாலமாயமைந்தவர் ஜோன் ஏபெல் சிமித். இவர் பாராளுமன்ற உறுப்பினர். ஜார்டின் நிறுவனத்தின் இலண்டன் முகவர் நிறுவனத்தில் பங்காளர். வெளிநாட்டமைச்சர் பாமர்ஸ்டன் பிரபுவுக்கு நெருங்கியவர். ஒரே மனிதரிடம் மூன்று தொடர்புகள் கூடியிருந்தமையைக் காண்க.

செப்டெம்பர் 27ஆம் நாள் ஜார்டின் பாமர்ஸ்டனைக் கண்டார். வெறுங்கையோடு செல்லவில்லை, சீனக் கரையின் கடல்வரைபடங்களைக் கொண்டு சென்றார். எந்தத் துறை ஆழமானது, எந்தத் தீவைப் பிடிக்கலாம், எத்தனை கப்பல் வேண்டும், எத்தனை வீரர் போதும், சீனரிடம் எவற்றைக் கேட்கவேண்டும் என்பனவற்றை அவரும் சிமித்தும் அவ்விலையுதிர் காலத்தில் அமைச்சருக்கு விரித்துரைத்தனர். ஒக்டோபர் 1ஆம் நாள் கூடிய அமைச்சரவை கடற்படை அனுப்ப முடிவு செய்தது. அதே வேளையில் மன்செஸ்டர் முதலிய தொழில் நகரங்களின் துணி வணிகரும் சீனச் சந்தை கருதி அரசுக்கு விண்ணப்பங்கள் விடுத்தனர்.

ஜார்டின் வந்தார், போர் வந்தது என்று இதனைச் சுருக்கிவிடுதல் தவறு. எலியட்டின் செய்திகள் முன்னரே இலண்டனை அடைந்துவிட்டன. பாமர்ஸ்டனும் பிறர் சொற்கேட்டு ஆடும் பாவையல்லர். ஆங்கிலக் கொடியின் பெருமை, தேயிலை வருவாய், இந்திய அரசின் அபின் வருவாய், ஆளுங்கட்சியின் மெலிவு ஆகியன யாவும் ஒருங்கு கூடின. ஜார்டின் வராதிருப்பினும் ஏதோ ஒருவகைப் பூசல் நிகழ்ந்திருக்கக்கூடும் என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுவர். ஆனால் அப்பூசலின் உருவத்தை வகுத்ததில் வணிகர்க்குப் பெரும்பங்குண்டு. இதற்குச் சான்று பாமர்ஸ்டனே. போர் முடிந்தபின் 1842 நவம்பரில் சிமித்துக்கு அவர் எழுதிய கடிதத்தில், தாம் கடற்படைக்கும் தரைப்படைக்கும் தூதுவர்க்கும் விரிவான கட்டளைகள் வழங்க இயன்றது பெரும்பாலும் சிமித்தும் ஜார்டினும் உதவிய செய்திகளாலேயே என நன்றி கூறியுள்ளார்.

இக்கடிதத்தில் நாம் தேடிய விடை இருக்கின்றது. 1835ஆம் ஆண்டில் வணிகர் வேண்டுகோளைக் கொணர்ந்தனர். அரசுக்கு அது தேவைப்படவில்லை. 1839ஆம் ஆண்டில் அரசுக்கு ஓர் இடர் இருந்தது. வணிகர் தீர்வைக் கொணர்ந்தனர். அதனினும் மேலாக, அறிவைக் கொணர்ந்தனர். சீனக் கரையை அறிந்த ஆங்கிலேயர் இலண்டனில் மிகச் சிலர். அச்சிலருள்ளும் பெரும்பாலார் அபினாற் செல்வரானவர். அரசு அறிய விரும்பியபோது, நலமுடையார் நாவினாலன்றி அறிதற்கு வழியில்லாதிருந்தது. பணத்தினும் மேலான கைப்பொருள் அவரிடம் இருந்தது; அதுவே செய்தி. ஒற்றையும் நூலையும் அரசனுக்கு இரு கண்ணாக வைத்த நம் புலவர், தனக்கென ஒற்றில்லாத அரசன் பிறர் கண்ணாற் காண்பான் என்பதை நன்குணர்ந்தே அங்ஙனம் வைத்தார் போலும்.

மன்றத்தில் மூன்று நாள்

வெளிமண்டபத்தில் முடிந்த காரியம் மன்றத்துக்கு வந்தது 1840 ஏப்பிரல் மாதத்தில். 7ஆம் நாள் முதல் 9ஆம் நாள் வரை பொதுமக்கள் சபை இதனை விவாதித்தது. சேர் ஜேம்ஸ் கிரஹாம் கொணர்ந்த கண்டனத் தீர்மானம் அபினைக் கண்டிக்கவில்லை. கன்டனிலிருந்த மேற்பார்வையாளருக்கு உரிய அதிகாரமும் அறிவுறுத்தலும் அரசு அளியாது விட்டதையே கண்டித்தது. அறம் பேசின் தம் கட்சியாரே பிரிவர். ஆட்சித் திறன் பேசின் வாக்குச் சேரும் என்பது அவர் கணக்கு. ஆகவே உயிர்நாடியான வினா தீர்மானத்திலேயே இடம்பெறவில்லை.

அரசு சார்பிற் பேசியோருள் மக்காலே ஒருவர். 1835ஆம் ஆண்டுக் கல்விக் குறிப்பினாற் கீழைத்தேயக் கல்வியைத் தாழ்த்தியுரைத்தவராக நம் ஆசிரியர் அனைவரும் அறிந்த அதே மக்காலே, அப்போது போர்த்துறைச் செயலராயிருந்தார். கன்டனில் இடர்ப்பட்ட ஆங்கிலேயர் தம் நாட்டுக் கொடியைக் கண்டு நெஞ்சுரம் பெற்றதை அவர் உணர்ச்சி ததும்ப விரித்தார். முப்பது அகவையினரான கிளாட்ஸ்டன் அதற்கு விடையிறுத்தார். நீதிக்காகப் பறந்த கொடி இன்று இழிந்த கடத்தல் வணிகத்தைக் காக்க உயர்த்தப்படுகின்றது. அதனைக் கண்டு நெஞ்சு உயர்வதெங்ஙனம், நாணமன்றோ வரும் என்பது அவர் உரையின் சாரம். வாக்கெடுப்பில் தீர்மானத்துக்கு 262, எதிராக 271. ஒன்பது வாக்கினால் அரசு பிழைத்தது. போரும் நடந்தது.

அப்போருக்குச் சென்றவர் யாவர் என்பதும் நமக்கு உரிய செய்தி. இலங்கையில் நிலைகொண்டிருந்த 18ஆம் அரச ஐரிஷ் படைப்பிரிவு இங்கிருந்தே சீனம் சென்றது. சென்னை மாகாணப் படையின் 37ஆம் காலாட்பிரிவினர் 1841 மே மாதத்தில் கன்டனுக்கு அணித்தான சன்யுவான்லி ஊரருகே கொட்டும் மழையில் துப்பாக்கி நனைந்து சுடவியலாத நிலையில் ஊர்மக்களாற் சூழப்பட்டனர். அபினால் அவர்க்கு ஊதியமுமில்லை, சீனரோடு பகையுமில்லை. இலண்டன் மண்டபமொன்றிற் பேசப்பட்ட பேச்சு, தென்னாட்டு உழவன் மகனை அயல்நாட்டு வயற்சேற்றில் நிறுத்தியது. வெளிநாட்டுக் கொள்கை மேலோர் விளையாட்டு, நமக்கென்ன என்று இருப்போர் இதனைச் சிந்திப்பாராக.

1842 ஓகஸ்ட் 29ஆம் நாள் நான்கிங் உடன்படிக்கை கைச்சாத்தானது. சீனம் 210 இலட்சம் வெள்ளி டொலர் கொடுக்க இசைந்தது. அதில் 60 இலட்சம் அபினுக்கு; 30 இலட்சம் வணிகர்க்குச் சீன வணிகர் பட்ட கடனுக்கு; 120 இலட்சம் போர்ச் செலவுக்கு. கன்டன், அமோய், பூச்சௌ, நிங்போ, சங்காய் என்னும் ஐந்து துறைகள் திறக்கப்பட்டன. ஆங்கொங் தீவு பிரித்தானியாவுக்காயிற்று. அந்நிலம் மீண்டது 1997 யூலை 1ஆம் நாளில். ஜார்டின் 1841ஆம் ஆண்டில் அஷ்பேர்ட்டன் தொகுதி உறுப்பினராகிப் பாராளுமன்றத்துள் நுழைந்தார். 1843ஆம் ஆண்டில் அவர் இறக்க, அவ்விடத்துக்கு மதேசன் தெரிவானார். வெளிமண்டபத்தில் நின்றவர் உள்ளே இருக்கை பெற்றனர்.

சொல் மாறிய விதம்

மொழி கற்பிப்போராகிய நாம் சிறப்பாகக் கவனிக்கவேண்டிய ஒன்று இவ்வரலாற்றில் உண்டு. போருக்கு முன் சொற்கள் மாறின. கடத்தல் என்பது வாணிகமாயிற்று. தடுக்கப்பட்ட சரக்கு, ஆங்கிலேயர் சொத்தாயிற்று. சட்டத்தை நடத்திய அதிகாரி, கொடியவராயினார். விலைப்பணம், நாட்டின் மானத்துக்கு ஈடாயிற்று. ஜார்டின் நிறுவனத்துக்காக எழுதப்பட்ட துண்டுநூல் ஒன்று 1840ஆம் ஆண்டில் வெளிவந்தது. எழுதியவர் சாமுவேல் வாரன் என்னும் வழக்கறிஞர், நாவல் எழுதிப் புகழ்பெற்றவர். நல்ல எழுத்தாளன் கையை நாடிச் சென்றதிலிருந்தே அவ்வணிகர் சொல்லின் ஆற்றலை அறிந்திருந்தமை விளங்கும். மறுபுறத்தில், அபின் வணிகத்தின் கொடுமையை விரித்து மதகுரு தெல்வால் எழுதிய நூலும் 1839ஆம் ஆண்டில் வெளிவந்திருந்தது. 'அபின் போர்' என்னும் பெயரே எதிர்த்தோர் இகழ்ச்சியாக இட்ட பெயர். ஆட்சியாளர் அதனை ஒப்பவில்லை. இன்று நிலைத்திருப்பது எதிர்த்தோர் இட்ட பெயரே. வாக்கெடுப்பில் தோற்றவர் சொல்லில் வென்றனர்.

இதே வித்தையைப் பிற்காலத்தும் காணலாம். நடு அமெரிக்க நாடாகிய குவாத்தமாலாவில், அர்பென்ஸ் அரசு 1952ஆம் ஆண்டில் நிலச் சீர்திருத்தச் சட்டம் இயற்றியது. பெருநில உடைமையாளரான யுனைட்டெட் புரூட் என்னும் அமெரிக்க வாழைப்பழக் கம்பனியின் தரிசுநிலங்கள் எடுக்கப்பட்டன. வரிக்காகக் கம்பனி காட்டியிருந்த மதிப்பையே ஈடாகத் தர அரசு முன்வந்தது. வாஷிங்டன் கேட்டதோ அதனினும் பன்மடங்கு. விளம்பரக் கலையின் தந்தை எனப்படும் எட்வேட் பெர்னேஸ் கம்பனிக்காகப் பணிசெய்தார். நிலப்பங்கீடு என்னும் சொல் பத்திரிகைகளிற் பொதுவுடைமை அபாயம் என மாறிற்று. 1954 யூனில் அமெரிக்க உளவுத்துறை பின்னின்ற படையெடுப்பால் அவ்வரசு வீழ்ந்தது. கம்பனியின் பேச்சு இதற்கு எவ்வளவு காரணம், பனிப்போர் அச்சம் எவ்வளவு காரணம் என்பதில் ஆய்வாளர் ஒருமிக்கவில்லை. இங்கும் அரசுக்கு முன்னரே ஓர் அச்சம் இருந்தது. கம்பனி அதற்கு முகவரி காட்டிற்று என்று கொள்ளல் பொருந்தும்.

மற்றொரு கூட்டம்

இவ்வளவும் கேட்டவர், அரசின் செவியை நாடும் கூட்டமெல்லாம் தீயன என்று முடிவு கட்டிவிடலாகாது. நெப்போலியன் வீழ்ந்த 1814ஆம் ஆண்டில், பிரான்சு மேலும் ஐந்தாண்டு அடிமை வாணிகம் நடத்தலாம் என்று பாரிஸ் உடன்படிக்கையில் பிரித்தானிய அமைச்சர் காசில்ரே இசைந்தார். அடிமை வாணிகத்தை எதிர்த்த சங்கத்தார் உடனே நாடெங்கும் விண்ணப்பம் திரட்டினர். அக்கோடைக்குள் ஏறத்தாழ 800 விண்ணப்பங்களில் ஏழரை இலட்சம் மக்கள் கையெழுத்திட்டனர். அமைச்சர் தம் போக்கை மாற்றினார்; 1815 பெப்ரவரியில் வியன்னாவிற் கூடிய வல்லரசுகள் அடிமை வாணிகத்தைக் கண்டிக்கும் அறிக்கை வெளியிட்டன. இதுவும் ஒரு கூட்டம் வெளிநாட்டுக் கொள்கையை வளைத்த வரலாறே.

அபினைப் பொறுத்தும் அவ்வாறே நிகழ்ந்தது. 1874ஆம் ஆண்டில் அபின் வணிகத்தை ஒழிக்கும் சங்கமொன்று இங்கிலாந்தில் தோன்றியது. அவர் வேலை எளிதாயிருக்கவில்லை. அன்று நாணிய கிளாட்ஸ்டன் நான்கு முறை தலைமை அமைச்சரானார், வணிகம் தொடர்ந்தது. 1893ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற அரச விசாரணைக்குழு இரண்டாண்டின் பின், அபினின் தீமை மிகைப்படுத்தப்பட்டது என்னும் கருத்துப்படவே அறிக்கை தந்தது. சங்கத்தார் ஓயவில்லை. 1906 மே மாதத்தில், இந்திய சீன அபின் வணிகம் அறத்தின்பாற்பட்டதன்று எனப் பொதுமக்கள் சபை வாக்கெடுப்பின்றியே ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டில் பிரித்தானியாவும் சீனமும், பத்தாண்டில் ஏற்றுமதியைப் படிப்படியாகக் குறைத்தொழிக்க உடன்பட்டன. ஒரு செப்டெம்பர்ச் சந்திப்பும் சில வாரங்களும் சேர்த்து முடித்துவைத்த காரியத்தைப் பிரிக்க, அறுபத்தெட்டு ஆண்டு ஆயின.

இரு கூட்டத்துக்கும் வேறுபாடு யாது? இரண்டும் அரசிடம் வேண்டின. இரண்டும் பணம் திரட்டின. இரண்டும் நூல் எழுதுவித்தன. ஒன்று தனக்கென வேண்டியது, மற்றது பிறர்க்கென வேண்டியது என்பது உண்மையே. ஆயினும் நெஞ்சின் உள்ளிருப்பதை அளக்கக் கோல் இல்லை. தன்னலத்தாரும் பொதுநலம் என்றே பேசுவர். ஆதலின் அளக்கக்கூடிய வேறுபாடு ஒன்று வேண்டும். அடிமை வாணிக எதிர்ப்பாளர் கேட்டது இன்னதென்று நாடே அறிந்திருந்தது. எதிர்ப்போர் மறுத்துரைக்க இடமும் இருந்தது. ஜார்டின் பாமர்ஸ்டனிடம் கூறியது இன்னதென்று 1840 ஏப்பிரலில் வாக்களித்த உறுப்பினருள் எத்தனை பேர் அறிந்திருப்பர்? மறுத்துரைக்கக் கூடிய சீனக்குரல் ஒன்று எழுதிய திருமுகமோ ஏற்கப்படாது கிடந்தது. நலமுடையார் பேசியது குற்றமன்று. அவர் மாத்திரம் பேசியதும், மறைவிற் பேசியதுமே கேடு விளைத்தன.

இதனை உணர்ந்தே அமெரிக்க நாடு பிறநாட்டார் பொருட்டுப் பேசுவோர் தம்மைப் பதிவு செய்யவேண்டும் என 1938ஆம் ஆண்டிலும், பணம் பெற்றுச் சட்டமன்றத்தாரை அணுகுவோர் தம் வேலையை வெளிப்படுத்தவேண்டும் என 1995ஆம் ஆண்டிலும் சட்டம் இயற்றியது. நம் நாட்டிலும் அரசின் ஏடுகளைக் குடிமக்கள் கேட்டறிவதற்குத் தகவலறியும் உரிமைச் சட்டம் 2016ஆம் ஆண்டில் வந்தது. சட்டத்தால் முழுவதும் ஆகிவிடும் என்று கூறுவதற்கில்லை. வெளிமண்டபத்துப் பேச்சை எழுத்தேற்றும் முயற்சி என்ற அளவில் அவை போற்றத்தக்கன.

ஆசிரியராகிய நமக்கு எஞ்சியுள்ள பணி வேறு. பிறநாட்டோடு பகை மூட்டும் செய்தி ஒன்று வரும்போது, மாணாக்கர் மூன்று வினாக்களை எழுப்பப் பழகுதல் வேண்டும். இதனைச் சொல்வோன் எவன், அவனுக்கு இதில் உள்ள நலம் யாது என்பது ஒன்று. இவனையன்றி இப்பொருளை அறிந்தவர் வேறு யார், அவர் கேட்கப்பட்டனரா என்பது இரண்டு. நேற்று ஒரு பெயரால் வழங்கியது இன்று வேறொரு பெயரால் வழங்குகின்றதா, அங்ஙனமாயின் பெயரை மாற்றியவர் யார் என்பது மூன்று. முதலிரண்டும் வரலாறு கற்பிப்போர்க்கு உரியன. மூன்றாவது மொழி கற்பிப்போர்க்கே சிறப்பாக உரியது. சொல்லின் பொருளைத் தெளிவாக உணர்த்துதலே நம் தொழிலாகலின், கடத்தலைக் கடத்தல் என்றே சொல்லும் மாணாக்கனை உருவாக்குதலும் நம் கடனேயாம்.